ராக்கம்மாவின் முந்தானை

செட்டியார் தெரு நகைக்கடைகளில் வேலை முடிந்து போகிற எல்லோரையும் ஒரே மாதிரிச் சோதிப்பதில்லை. கணக்கெழுதுகிறவர் "வாறேன் முதலாளி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போகலாம். பட்டறையில் இருந்து பொன் உருக்குகிறவர் கையைக் காலைக் கடைத் தொட்டியிலேயே கழுவிவிட்டுப் போக வேண்டும்; அந்தத் தண்ணீரையும் விடமாட்டார்கள், சேர்த்து வைப்பார்கள். கூட்டிப் பெருக்குகிற பெண்ணோ வாசலில் நின்று சேலை முந்தானையை விரித்து உதறிக் காட்டிவிட்டுத்தான் படி இறங்கலாம். அவள் கூட்டிய குப்பையைக்கூட வெளியே கொட்டுவதில்லை. அதில் தங்கத்தூள் இருக்கும் என்று சாக்கில் கட்டி உள்ளே வைப்பார்கள்.

ராக்கம்மா வருடக்கணக்காக அப்படி உதறிக் காட்டியவள். முதலாளியம்மா நாற்காலியில் இருந்தபடியே ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை போதாது என்று தோன்றினால் "மத்தப் பக்கமும்" என்பார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்குச் சேலை தருவார், காய்ச்சல் என்றால் பெனடோல் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார். உதறச் சொல்வதை மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை. ராக்கம்மாவும் அதை ஒரு குறையாக யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, குழாயடியில் துணி அலசும்போது, "மலரு, இந்த முந்தானையில ஒரு நாளும் ஒன்னும் இருந்ததில்ல. இல்லாதத எத்தன தரம்டி காட்டுறது?" என்றாள். கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். நான்தான் கையிலிருந்த துணியை ஓங்கிக் கல்லில் அடித்தேன்.

நான் தவமலர். ஜிந்துப்பிட்டியில் கைவண்டி நுழையாத ஒரு முடுக்கில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் பாத்திரம் அதிரும். வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடையில் எனக்கு வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்று முடுக்கில் பெயர் எடுத்திருக்கிறேன். சிங்களமும் தடங்கல் இல்லாமல் வரும். அதனால் பொலிஸோ ஆஸ்பத்திரியோ, எங்கே போவதென்றாலும் "மலரக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். ராக்கம்மாவின் கதைக்குள் நான் புகுந்ததும் அந்த வாயால்தான்.

அவள் புருஷன் அழகர் புறக்கோட்டையில் மூட்டை தூக்கியவர். மகள் நடை பழகுமுன்பே ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. பிறகு ராக்கம்மாவுக்கு உலகம் என்றால் துஷ்யந்திதான். அந்தப் பிள்ளை வாயைத் திறந்தால் முடுக்கே சிரிக்கும். பஸ் கொண்டக்டர், கோவில் ஐயர், மீன்காரன் என்று எல்லோரையும் போலச் செய்து காட்டுவாள். என்னைப் போல இடுப்பில் கைவைத்து, என் குரலிலேயே என் புருஷனைத் திட்டிக் காட்டுவாள். அடிக்கக் கை ஓங்குவேன். சிரிப்பு வந்து கை விழுந்துவிடும்.

பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தில் முதல் தடவை விழுந்தாள். கண் மேலே சொருகி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்ததாம். யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து சிவந்திருந்தது. அதற்குப் பிறகு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். செய்வினை என்றார் ஒருவர். முனி அடித்தது என்றார் இன்னொருவர். தாய் செய்த பாவம் என்று தாயின் காதுபடவே சொன்னவர்களும் உண்டு. ராக்கம்மா அம்மனுக்கு நேர்ந்தாள், கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள், பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். எந்தச் சாமிக்கும் அவள் ஓரவஞ்சனை செய்யவில்லை. பிள்ளை மறுபடியும் விழுந்தாள். அப்போதுதான் நான் இருவரையும் இழுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனேன்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண். பொறுமையான மனுஷி. தலையில் வயர் ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எங்களை இருத்தி வைத்துச் சொன்னார். மூளைக்குள் இருக்கிற கோடிக்கணக்கான உயிரணுக்கள் ஓயாமல் ஒன்றோடொன்று கதைத்துக்கொண்டிருக்கின்றன. அப்படிக் கதைப்பதற்குச் சில இரசாயனங்கள் இருக்கின்றன. ஒன்று "எழும்பு, ஓடு" என்று கிளப்பிவிடும். இன்னொன்று "போதும், இரு" என்று அடக்கும். இரண்டும் அளவாக இருக்கும்வரை நாம் நடக்கிறோம், சிரிக்கிறோம், தூங்குகிறோம். கிளப்புவது கூடி, அடக்குவது குறைந்துபோனால் அத்தனை அணுவும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கும். அதுதான் வலிப்பு. இரண்டுக்கும் பெயர்கள் சொன்னார். அடக்குவதன் பெயர் மட்டும் எனக்கு நினைவில் நின்றது: காபா. குழந்தையைக் கூப்பிடுகிற பெயர் மாதிரி இருந்தது.

"ஏன் அப்படிக் குறையுது?" என்று ராக்கம்மா கேட்கச் சொன்னாள். கேட்டேன். சிலருக்குப் பிறவியிலேயே அப்படியாம். சிலருக்குச் சின்ன வயதில் காய்ச்சலில் இழுத்த இழுப்பு மூளையில் ஒரு தழும்பை விட்டுப்போகுமாம். துஷ்யந்திக்குக் கைக்குழந்தையில் அப்படி ஒரு காய்ச்சல் வந்து இழுத்திருந்தது. இரசாயனம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது, எல்லாம் எங்களுக்கும் இன்னும் தெரியாது என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒருவரை அந்த வருடத்தில் அன்றுதான் பார்த்தோம்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் ராக்கம்மா கேட்டாள்.

"அப்ப மண்டைக்குள்ள உப்பு புளி சரியில்ல. அதானே?"

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் சிரித்து, அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"யாரும் ஒன்னும் செய்யலியா?"

"ஒருத்தரும் செய்யலக்கா."

"எம் பாவமும் இல்லியா?"

"இல்லவே இல்லியாம்."

அவள் முகம் தெளியும் என்று பார்த்தேன். தெளியவில்லை. "பேய்னா ஓட்டலாம், பாவம்னா கழுவலாம். இத என்னா செய்றது மலரு?" என்றாள்.

செய்ய வேண்டியதை டொக்டர் எளிதாகத்தான் சொன்னார். காலையும் மாலையும் மாத்திரை. ஒரு வேளையும் தவறக்கூடாது. அது அந்த அடக்குகிற இரசாயனத்துக்குக் கைகொடுக்கும். பட்டினி கிடக்கக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது. திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, விட்டு மறுபடி உடனே பிடித்தாலோ, எதற்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அந்தக் கடைசிப் பேச்சை ராக்கம்மா திரும்பி வரும்போது பஸ்ஸில் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மாத்திரை வேலை செய்தது. காலையில் ராக்கம்மா உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். துஷ்யந்தி வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். மாலையிலும் அப்படித்தான். அது அவர்கள் வீட்டில் விளக்கு வைப்பதுபோல ஒரு ஒழுங்காக நடந்தது. விழுவது நின்றது. பிள்ளை வளர்ந்து, நான் வேலை செய்யும் சேலைக்கடைக்கே வேலைக்கு வந்தாள். புறக்கோட்டையில் பஸ் ஏறி வெள்ளவத்தை வரைக்கும் என் காதைத் தின்றபடி வருவாள். கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு சேலையை எடுத்து விரித்தால், வேண்டாம் என்று வந்தவரும் வாங்கிக்கொண்டு போவார்.

மாத்திரை கொஞ்சம் தூக்கமும் தரும். தைப்பொங்கல் வியாபாரத்தில் தூங்கி வழியக்கூடாது என்று கெட்டிக்காரி இரண்டு நாள் தாய்க்குத் தெரியாமல் விட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் பட்டுச்சேலைக் குவியலுக்கு நடுவில் விழுந்தாள். கடைக்காரர் அவளைத் திட்டவில்லை. "நல்ல புள்ளதான். ஆனா வந்தவங்க பயந்துட்டாங்க" என்று என்னிடம் சொன்னார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பஸ்ஸில் நான் தனியாகப் போனேன்.

அடுத்தது கல்யாணப் பேச்சு. கொலன்னாவையிலிருந்து கிருஷ்ணராஜ் என்று ஒரு பையன், பார்க்க வந்து பிடித்துப்போய், பூவும் வைத்துவிட்டுப் போனான். திரும்பிப் போகும்போது முடுக்கின் வாயிலில் யாரோ ஒரு நல்ல மனம் அவன் தாயிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டது. அவர்கள் அதற்குப் பிறகு வரவில்லை. துஷ்யந்தி அந்தத் தாய் மூக்கைச் சுளித்துப் பலகாரம் தின்றதை எங்களுக்குச் செய்து காட்டிச் சிரிக்க வைத்தாள். பிறகு குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் கவலையில் மாத்திரை போட்டும் அவளுக்கு இரண்டொரு தரம் சின்னதாக வந்துபோனது.

அந்த வருடம் ஆடி மாதம். எங்கள் முடுக்கின் முடிவில் ஒரு சின்ன அம்மன் கோவில் இருக்கிறது. ஆடி வெள்ளிக்குக் கூழ் காய்ச்சுவார்கள். அந்த முறை கூழுக்குப் பொறுப்பு ராக்கம்மாவின் முதலாளியம்மா. பாமன்கடையில் கட்டிக்கொடுத்த மகளுக்குக் குழந்தை இல்லை என்று நேர்ந்திருந்தார். தப்பு அடித்தார்கள், உடுக்கை அடித்தார்கள், சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. கூட்டத்தின் நடுவில் துஷ்யந்தியின் கண் ஓரிடத்தில் நிலைகுத்தி நின்றது. வலது கை தானாக மேலே எழுந்தது. உடம்பு முறுக்கி ஆடத் தொடங்கியது.

"அம்மா வந்துட்டா" என்று யாரோ சொன்னார்கள்.

அவ்வளவுதான். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எங்களுக்கு அம்மன் ஆள்மேல் வருவது புதிதில்லை. அதைக் கேலி செய்கிறவள் இல்லை நான். நானே கண்ணீர் விட்டுக் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் இது அது இல்லை என்பது எனக்குத் தெரியும், ராக்கம்மாவுக்கும் தெரியும். அவள் மகளைச் சாய்த்து மடியில் போட்டுக்கொண்டு வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. மயக்கம் தெளியாமல் துஷ்யந்தி கையை நீட்டியபோது, முன்னால் மண்டியிட்டிருந்த முதலாளியம்மாவின் தலைமேல் அந்தக் கை பட்டது. தினமும் முந்தானையை உதறச் சொல்கிற அந்த அம்மா, அப்படியே குனிந்து ராக்கம்மாவின் மகள் காலைத் தொட்டார்.

மறுநாள் மாலை வேலை முடிந்து ராக்கம்மா வாசலில் முந்தானையை விரித்தாள். "வேணாம் ராக்கம்மா, நீ போ" என்றார் முதலாளியம்மா. அவள் வீட்டுக்கு வந்து என் வாசலில் நின்றாள். "மலரு, ஒதற வேணாம்னுட்டாங்க" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்கு அத்தனை பல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். துஷ்யந்தியும் தாயின் பின்னால் நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாய் உள்ளே போனதும் பிள்ளை என்னிடம் வந்தாள்.

"சாமி வந்தா நாக்கக் கடிக்குமாக்கா?"

"என்னாடி?"

"நேத்து வாயெல்லாம் ரத்தக் கரிப்பு. இது பழைய ஆளுதான். எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்."

"அப்ப அம்மாகிட்ட சொல்லு, எல்லாருக்கும் வெளங்கப்படுத்தச் சொல்லு."

"அம்மா சிரிச்சத பாத்தீங்கதானே" என்றாள் துஷ்யந்தி. "நான் பொறந்ததுல இருந்து அப்பிடிச் சிரிச்சதில்லக்கா."

நான் விடவில்லை. ராக்கம்மாவைப் பிடித்துக் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமின்னு நான் சொன்னேனா? நான் வாயே தொறக்கல. வலிப்புக்காரி வீடுன்னு எங்க வீட்டுல தண்ணி குடிக்காதவ இப்ப துன்னூறு கேட்டு வாரா. மாத்திரைய நான் நிறுத்தல மலரு, நேரம் தப்பாம என் கையாலதான் குடுக்குறேன். மத்தவங்க என்னாத்த நெனச்சுக்கிட்டா எனக்கென்னா?" என்றாள். பிள்ளைக்கு மருந்து போகிறது, தாய்க்கு மரியாதை வருகிறது, யாருக்கு என்ன நட்டம் என்று எனக்கும் தோன்றியது.

கிளினிக்கில் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரு தரமும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார்கள். துஷ்யந்தி திருநீறு கொடுத்தாள், வாக்குச் சொல்ல மாட்டேன் என்று மட்டும் உறுதியாக இருந்தாள். பாமன்கடை மகளுக்கு ஆண்குழந்தை பிறந்தது. அது பிறக்கிற காலத்தில் பிறந்தது என்பேன் நான். யார் கேட்கிறார்கள்? அடுத்த ஆடிக்கு முதலாளியம்மா பெரிய அண்டாவில் கூழ் காய்ச்ச ஏற்பாடு செய்தார். அதேநேரம், மாதக்கணக்காக அம்மன் வராததால், "அம்மா மலையேறிட்டா போல" என்று முடுக்கில் மெல்லப் பேச்சும் கிளம்பியது.

திருவிழாவுக்கு ஒரு கிழமை முன்பு ராக்கம்மா வேலை முடிந்து வந்து மகளிடம் பேசியது பலகைச் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"இந்த வருசம் அம்மா வருவாளா ராக்கம்மான்னு கேட்டாங்க. எனக்கு எப்பிடித் தெரியும்னேன். அதுக்கப்புறம் நான் வாசல்ல நின்னேன். வேணாம்னு சொல்லல. என் முந்தானையையே பாத்துக்கிட்டிருந்தாங்க."

"ஒதறினியாம்மா?" என்று துஷ்யந்தி கேட்டாள்.

"கை தானாப் போச்சு. ஒதறிட்டு வந்துட்டேன்."

பிறகு துஷ்யந்தி யாரையோ போலச் செய்து காட்டினாள். ராக்கம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஆடி வெள்ளியன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. மாலையில் வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்து வந்து முடுக்கில் நுழைகிறபோதே தப்புச் சத்தம் காதைப் பிளந்தது. கூட்டம் வட்டமாக நின்றது. எல்லோர் கையும் கூப்பியிருந்தது. உள்ளே புகுந்து பார்த்தேன். மஞ்சள் சேலையில் துஷ்யந்தி தரையில் கிடந்தாள். கையில் வேப்பிலையைத் திணித்திருந்தார்கள். உடம்பு வெட்டியது, கொஞ்சம் அடங்கியது, கண் திறக்குமுன் மறுபடி வெட்டியது. உதட்டோரம் நீலமாக இருந்தது. முதலாளியம்மா கால்மாட்டில் மண்டியிட்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தப்படிக்கிறவர்கள் அம்மன் உக்கிரமாக வந்திருக்கிறாள் என்று இன்னும் வேகமாக அடித்தார்கள்.

ராக்கம்மா தலைமாட்டில் மகளின் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் உதடு மட்டும் அசைந்தது. "மலரு, நிக்கல."

"எவ்வளவு நேரம்?"

"எண்ணினேன். அஞ்சு தாண்டி, பத்தும் தாண்டிருச்சு."

நான் கத்தினேன். இது வலிப்பு, தள்ளுங்கள், த்ரீவீல் ஒன்று கூப்பிடுங்கள் என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. அம்மன் வந்திருக்கிறபோது தொடக்கூடாது, வாய்க்கு வந்ததைப் பேசாதே மலரு என்று ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். முதலாளியம்மா ராக்கம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ சொல்லு ராக்கம்மா. நீதானே பெத்தவ. அம்மாதானே வந்திருக்கா?"

தப்பு நின்றது. எல்லோரும் ராக்கம்மாவின் வாயைப் பார்த்தார்கள். அவள் முதலாளியம்மாவைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான். அந்த மூச்சைத்தான் அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

"இல்லம்மா" என்றாள். "வலிப்பு. எம்புள்ளைக்கு நோய். போன வருசமும் நோய்தான், மொத நாள் தொட்டு நோய்தான். யாராச்சும் தூக்குங்களேன். கும்பிடுறேன், தூக்குங்களேன்."

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. முடுக்கின் வாயிலில் த்ரீவீல் வைத்திருக்கிற புவாத் ஓடிவந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். திருவிழாவுக்கு அடைத்திருந்த தெருக்களைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை ஹோர்னிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. ராக்கம்மா மடியில் மகளின் தலையை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

ஊசி போட்டும் வலிப்பு லேசில் அடங்கவில்லை. கடைசியில் தூங்க வைத்து, மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். அங்கே இருந்த இளம் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். வலிப்பு நீள நீள, கிளப்புகிற இரசாயனம் கொட்டிக்கொண்டே இருக்குமாம். "போதும், இரு" என்கிற காபா எவ்வளவு சொன்னாலும், அதைக் கேட்கிற இடங்கள் அணுக்களுக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளுமாம். அதற்குப் பிறகு மருந்துக்கும் அந்த அணுக்கள் சரியாகக் காது கொடுக்காதாம். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் முடுக்கும் தப்புச் சத்தமும் கண்ணுக்குள் வந்து நின்றன.

பிறகு அவர் ராக்கம்மாவிடம் கேட்கச் சொன்னார், மாத்திரை ஒழுங்காக எடுத்தாளா என்று.

"என் கையால குடுத்தேன்" என்றாள் ராக்கம்மா. "இன்னிக்குக் காலம்பறகூட."

இரத்தத்தில் மருந்து இல்லையே என்றார் டொக்டர். நான் அதைத் தமிழில் சொன்னேன். ராக்கம்மாவுக்கு வெறி வந்ததுபோல ஆகிவிட்டது. பொய் சொல்கிறார்கள், வேறு யாருடையதோ இரத்தத்தைப் பார்த்திருக்கிறார்கள், என் கையால்தான் கொடுத்தேன் என்று உள்ளங்கையை விரித்து விரித்துக் காட்டினாள்.

துஷ்யந்தி கண் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள். யாரையாவது போலச் செய்து காட்டி எழும்பிவிடுவாள் என்று நான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை மாதானை மயானத்துக்குக் கொண்டுபோன பிறகு, "அம்மனே எடுத்துக்கிட்டா" என்று முடுக்கில் சொன்னார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். எனக்கோ அப்படிச் சொன்ன வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. அம்மன் எடுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் வாழ வேண்டிய பிள்ளையைச் சுற்றி நின்று சாகவிட்டோம்.

எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் ராக்கம்மா வாசலைக் கழுவினாள். வாசலில் ஒரு பழைய பெயின்ற் வாளியில் கற்றாழை இருந்தது. துஷ்யந்தி காலையில் பல் துலக்கிக் கொப்பளிக்கிற இடம் அது. தண்ணீர் ஊற்றியவள் அப்படியே குந்திவிட்டாள். "மலரு, இங்க வா" என்றாள். போனேன். கற்றாழை மடலுக்குக் கீழே மண்ணில், ஊறிப்போயும் பாதி கரைந்தும் மாத்திரைகள் கிடந்தன. நாலைந்து இன்னும் முழுசாக இருந்தன. தாய் நீட்டியதைத் துஷ்யந்தி வாயில் போட்டு, நாக்கின் கீழே வைத்துக்கொண்டு, வெளியே வந்து துப்பியிருக்கிறாள். மாத்திரை போட்டால் வராது. அது வராவிட்டால் தாய் மறுபடியும் முந்தானையை உதற வேண்டும். பிள்ளை போட்ட கணக்கு அதுதான். போன தடவைபோல இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும் என்று நினைத்திருப்பாள். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் மோசமாக வரும் என்று கிளினிக்கில் சொன்னது அவள் காதிலும் விழுந்ததுதான்.

ராக்கம்மா அந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை.

"அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதுடி" என்றாள். "ஒதற வேணாம்னு சொன்ன அன்னிக்கு. நான் சிரிச்சத பாத்துக்கிட்டேதானே நின்னா."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான்தான் அழுதேன். இரசாயனம் கூடியதா குறைந்ததா என்று டொக்டருக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு எந்தக் கணக்கில் வரும் என்று யாரிடம் கேட்பது? என்னிடமும் இதற்கு மொழிபெயர்ப்பு இல்லை.

முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்து அவள் வேலைக்குப் போனாள். போக வேண்டாம் என்று சொன்னேன்; வீட்டில் இருந்தால் குழாயடிச் சத்தம் கேட்கிறது என்றாள். முதல் நாளல்லவா என்று அன்று மாலை நான் வேலை முடிந்து நேரே செட்டியார் தெருவுக்குப் போய், அவளைக் கூட்டிவரக் கடை வாசலில் நின்றேன்.

ராக்கம்மா கூட்டி முடித்தாள். குப்பையைச் சாக்கில் போட்டுக் கட்டி உள்ளே வைத்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். முதலாளியம்மா நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"வேணாம் ராக்கம்மா" என்றார். "இனி ஒரு நாளும் வேணாம். நீ போ."

ராக்கம்மா காதில் விழாததுபோல இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து, இரண்டு கையாலும் அகல விரித்து, நன்றாக உதறினாள்.

"பாத்துக்குங்கம்மா, ஒன்னும் இல்ல" என்றாள்.

பிறகு, யாரும் கேட்காமலே, மற்றப் பக்கத்தையும் திருப்பிக் காட்டினாள்.